மலையில்லாப் பாபநாசம்: வயலோரப் பச்சிலை தொட்டிக்கு வந்த வரலாறு

மூலிகையோடு பாபநாசத்தைச் சேர்த்துச் சொன்னால் தமிழருக்கு நினைவுக்கு வருவது நெல்லைச் சீமைப் பாபநாசம்தான்: பொதிகை அடிவாரம், அகத்தியர், அருவி. இக்கட்டுரை தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே குடமுருட்டி பாயும் மற்றொரு பாபநாசத்தைப் பற்றியது. இங்கே மலை இல்லை, காடும் இல்லை; கண்ணுக்கெட்டியவரை நெல். ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலருகே நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நெல்லுக்கு அப்படியொரு சாட்சியம் இருக்கிறது. அன்றன்று பறித்து அன்றன்றே அரைத்துவிடும் பச்சிலைக்குக் களஞ்சியம் ஏது?

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு நூல்முனை தருகின்றன. தஞ்சையில் குந்தவை பெயரோடு இணைந்த சுந்தரசோழ விண்ணகர ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. வீரராசேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் விரிவாகப் பேசுகிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை அது. மருத்துவர், சல்லியம் (அறுவை மருத்துவம்) செய்பவர் ஆகியோருடன் மருந்துச் செடிகளைக் கொண்டுவர ஆட்களும் நியமிக்கப்பட்டிருந்தார்கள். ‘கொண்டுவருதல்’ என்ற வினைதான் இங்கே முக்கியம். மூலிகை அன்று பயிரிடும் பொருளாக அல்ல, தேடிப் பறித்துவரும் பொருளாகவே கருதப்பட்டிருக்கிறது.

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் மருந்து அறிவு ஏட்டுக்கு ஏறியது. அவருடைய மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலில் கையாண்ட மருந்து முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன; பின்னாளில் சரசுவதி மகால் நூலகம் அவற்றை அச்சிட்டது. அதற்கு முன்பே, 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் தென்னாட்டுச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். தோட்டமாகவே வளர்க்கும் முயற்சிக்குத் தஞ்சையில் துலக்கமான சான்று ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). ‘கருணாமிர்த சாகரம்’ எழுதிய இசையறிஞராகவே அவரை நாம் கொண்டாடுகிறோம். அந்த இசை ஆய்வுக்குப் பணம் தந்தது அவருடைய மருந்து வியாபாரம். கருணானந்தபுரம் என்று அவர் பெயரிட்ட பண்ணையில் மூலிகைகளும் பயிராயின.

அரண்மனை, பண்ணை ஆகியவற்றின் கதை இவ்வளவே. வீட்டின் கதை வயலில் இருக்கிறது. கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை, நீர்ப்பிரமி, நீர்முள்ளி, கீழாநெல்லி: இந்தப் பட்டியலை வேளாண் அலுவலரிடம் காட்டினால் நெல்வயல் களைகள் என்பார், சித்த மருத்துவரிடம் காட்டினால் மருந்து என்பார். இருவர் சொல்வதும் சரி. டெல்டாவின் மூலிகைத் தோட்டம் வரப்பும் வாய்க்கால் கரையும்தான். தோட்டக்காரிகள் களையெடுக்கும் பெண்கள். களையில் ஒரு பங்கு மடியில் வீடு சேரும். பொன்னாங்கண்ணி பருப்போடு கடையலாகும், கரிசலாங்கண்ணி தலைக்கு எண்ணெயாகும், கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு மோரில் கலந்து உள்ளே போகும். கூலிக் கணக்கில் ஏறாத வரும்படி இது. கீழாநெல்லியின் பலன் குறித்து 1988-இல் சென்னை ஆய்வாளர்களும் நோபல் பரிசாளர் புளூம்பெர்க்கும் லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்த சோதனைகளில் அதே பலன் உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தீபாவளி லேகியத்துக்கான சுக்கு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாம் வேறு வகை. அவை வெளியூரிலிருந்து காய்ந்து வரும் சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டும். பச்சிலைக்குக் காசில்லை. இரண்டுக்கும் இடையில் நிற்பது கொடிக்கால். பாபநாசம் வட்டத்தில் ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டைப் பக்கத்து வெற்றிலை, சந்தைக்குப் போகும் பயிர். அதே வெற்றிலை மிளகோடு சேர்ந்து சளிக் கஷாயமும் ஆகும். கொடி ஏற வைத்த அகத்தியின் கீரை துவாதசிப் பாரணைக்கு இலைக்கு வந்துவிடும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தியை யாரும் நினைக்கவில்லை.

உடைப்பு 1960-களில் நேர்ந்தது. ‘பேக்கேஜ்’ என்ற தீவிர வேளாண் திட்டத்துக்கு முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை 27 என்ற 105 நாள் குறுவை நெல் வந்தது, உரம் வந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் களைக்கொல்லியும் வந்தது. விளைச்சலைக் குறை சொல்லும் உரிமை பசியறியாத நமக்கு இல்லை. ஆனால் தெளித்த வயலில் பறித்த கீரையை நம்பி உலையில் போட முடியுமா? மடியில் வந்தது நின்றது. அந்த இடத்தைப் பிடித்ததுதான் வீட்டுத் தொட்டி.

தொட்டிக்கு வந்தவை வயலிலிருந்து போனவை அல்ல என்பதே இவ்வாய்வில் எனக்குத் தட்டுப்பட்ட செய்தி. கற்பூரவல்லி, துளசி, கற்றாழை, தூதுவளை: எல்லாம் ஓரளவு வறட்சி தாங்குபவை, ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக் கிடப்பவை. பாட்டி வைத்தியத்தின் சின்னமாகிவிட்ட கற்பூரவல்லியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சேறு கேட்கும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் மாடிக்கு எளிதில் ஏறவில்லை. குழாயடியில் தண்ணீர் வடியும் ஓரத்தில் ஒரு கணு ஊன்றினால் போதும் என்றாலும், அந்த ஓரங்களுக்குச் சிமெண்டு பூசியாயிற்று.

2012 டெங்குக் காலத்தில் அரசு நிலவேம்புக் குடிநீரை ஊரெங்கும் கொடுத்தது. அதன் ஒன்பது சரக்குகளில் ஒன்று கோரைக்கிழங்கு. அதைப் பொட்டலத்தில் வாங்குகிறோம். வயலில் முளைக்கும் கோரைக்குக் களைக்கொல்லி தெளிக்கிறோம். அந்த வேலைக்கும் டெல்டாவில் ‘மருந்து அடிப்பது’ என்றுதான் பெயர்.