கறுப்பு நாயும் பைக் பயணமும்

மனச்சோர்வுக்கு ஆங்கிலத்தில் 'கறுப்பு நாய்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, தெரியுமா? அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1783-ல் ஒரு கடிதத்தில் அப்படித்தான் எழுதினார். 1911-ல் சர்ச்சில் மனைவிக்கு எழுதிய கடிதத்திலும் அதே நாய்! எவ்வளவு பெரிய ஆட்கள்... ஆனாலும் நெருங்கியவர்களிடம் மட்டும் சொன்ன விஷயம் அது.

அந்த நாயை ரோட்டுக்குக் கூட்டி வந்தவர் ஸ்டீவ் ஆண்ட்ரூஸ். 2009-ல் மோட்டார் சைக்கிளில் தனி ஆளாக ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தார். அதுதான் 'பிளாக் டாக் ரைடு'. அடுத்த வருடமே பலர் சேர்ந்துகொண்டு நாட்டின் நடுப்பகுதிக்கு ஓட்டினார்கள்.

நம்ம காமர்ஸ் புத்தி முதலில் வசூல் எவ்வளவு என்றுதான் கேட்கும். நிதியும் திரட்டினார்கள்தான். ஆனால் கணக்கில் ஏறாத வரவு வேறு. நீண்ட பயணம் என்றால் ஊர் ஊராக பெட்ரோலுக்கு நிற்க வேண்டும். "எதுக்கு இந்தப் பயணம்?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொன்னாலே பேச்சு ஆரம்பம். டாக்டரிடம் போகத் தயங்குபவர்கூட பைக்கைப் பார்த்துக்கொண்டே மனம் திறக்கலாம்.

பக்கத்து பெஞ்ச் நண்பன் நாலு நாளாகப் பேசவில்லையா? ஒரு டீக்குக் கூப்பிடுங்கள். அதற்கு பைக்கூட வேண்டாம்.