பரோடா நுண்கலைப் புல ஆண்டுக் காட்சி

குஜராத்தின் வடோதரா நகரில் (பழைய பெயர் பரோடா) உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புல மாணவர்கள், ஆண்டுத் தேர்வையொட்டித் தம் படைப்புகளை வளாகத்திலேயே பார்வைக்கு வைக்கும் நிகழ்வு. இப்புலம் 1950இல் தொடங்கப்பட்டது. ஓவியர் என். எஸ். பேந்த்ரே, சிற்பி சங்கோ சவுத்ரி ஆகியோர் தொடக்ககால ஆசிரியர்கள். மதிப்பெண் இடுவதே காட்சியின் முதல் நோக்கம் என்றாலும், ஆசிரியர் அல்லாத பார்வையாளரை மாணவர் முதன்முறையாக எதிர்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது, 1961இல் தொடங்கிய நுண்கலைச் சந்தை. ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி வேலை செய்து, பொம்மைகளையும் சிறு கலைப்பொருள்களையும் பொதுமக்களுக்கு விற்றார்கள். ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் இச்சந்தைகளுக்காகச் செய்த பொம்மைகள் அவருடைய ஓவியங்களுக்கு இணையாக மதிக்கத்தக்கவை. கலைக்கும் கைவினைக்கும் நடுவில் இருந்த வேலியை இப்புலம் தளர்த்தியதற்கு அவையே நல்ல சான்று.

2007 மே மாதம், தேர்வுக்கு வைத்திருந்த படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துவதாகக் கூறி வெளியார் குழு ஒன்று வளாகத்துக்குள் புகுந்தது. அவற்றைப் படைத்த மாணவர் ஒருவர் கைதானார். எதிர்ப்பாக, இந்திய மரபுக் கலையில் உள்ள பாலுணர்வுச் சித்திரிப்புகளின் படங்களை மாணவர்கள் காட்சிக்கு வைத்தார்கள். அதை மூட மறுத்த பொறுப்புப் புலத்தலைவர் சிவாஜி பணிக்கர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். தேர்வு எழுதும் மாணவரின் விடைத்தாளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அன்று அந்த மாணவரின் படைப்புக்குக் கிடைக்கவில்லை.