கத்தியைக் கீழே வைத்த நாவிதர்

திருத்தணியில் முடி இறக்குவதைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதல் மொட்டை என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். நாவிதர் தலையை நனைத்து, உச்சியிலிருந்து கத்தியை இழுப்பார். பிள்ளை ஊரைக் கூட்டும். பிறகு குளிப்பாட்டி, சந்தனம் பூசி, தணிகை முருகனிடம் தூக்கிப் போவார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கும் இதே வேண்டுதல்தான். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்கு இனிக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அரசே அறிவித்தது. முடி நமக்கு அருமையானது, அதனால் சாமிக்குக் கொடுக்கிறோம். கணக்கு அவ்வளவுதான்.

முடி இறைவன் தந்தது, அதனால் அதில் கத்தியே படக்கூடாது என்ற இன்னொரு கணக்கும் இதே நாட்டில் பிறந்தது. அது பிறந்த கதையில் தெற்கிலிருந்து போன நாவிதர் ஒருவர் இருக்கிறார்.

1699, வைசாகித் திருநாள். பஞ்சாபின் ஆனந்தபூரில் பெருங்கூட்டம். பத்தாவது குரு கோவிந்தர் உருவிய வாளோடு வந்து, “யார் தலை தருவீர்கள்?” என்று கேட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். லாகூரின் தயா ராம், அஸ்தினாபுரத்தின் தரம் தாஸ், பூரியின் ஹிம்மத் ராய், துவாரகையின் மொக்கம் சந்த், பீதரின் சாகிப் சந்த். கடைசியாகச் சொன்ன சாகிப் சந்த்தான் அந்த நாவிதர். இன்றைய கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கிறது அவருடைய பீதர்.

இரும்புக் கிண்ணத்துத் தண்ணீரில் பதாசா என்னும் சர்க்கரை மிட்டாய் கரைத்து, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, ஐவருக்கும் ஒரே கிண்ணத்தில் கொடுத்தார் குரு. பிறகு அவர்கள் முன் மண்டியிட்டுத் தானும் அதை வாங்கிக் குடித்தார். ஐவர் பெயரோடும் சிங் சேர்ந்தது. சாகிப் சிங் ஆன பீதர்க்காரர், பிற்பாடு சம்கௌர் போரில் உயிர் விட்டார். ஊரார் தலையைச் சிரைத்துப் பிழைத்த மனிதர், சிரைக்காத தலைகளின் முதல் வரிசையில் நின்றவர்.

ஏன் முடி? சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்லும் காரணம் 1675-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஔரங்கசீப் ஆட்சியில் டெல்லி சாந்தினி சௌக்கில் ஒன்பதாவது குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டது. கூட்டத்தில் சீடர்களும் இருந்தார்கள். ஆனால் யார் சீடர் என்று தெரியவில்லை, தெரியக் காட்டவும் யாருக்கும் துணிவில்லை. தந்தையை அப்படி இழந்த கோவிந்தர், இனி என் சீடன் ஆயிரம் பேருக்கு நடுவிலும் ஒளிய முடியாதவனாக இருக்கட்டும் என்று முடிவு செய்தாராம். கேசம், சீப்பு, இரும்பு வளை, கச்சை, கிர்பான் வாள் என்னும் ஐந்து அடையாளங்கள் இன்றைய பட்டியலாகத் திரண்டது பிற்பாடுதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கேசமோ தொடக்க காலத்திலேயே பேசப்படுகிறது.

அதன் முதல் சோதனையும் அப்போதே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்கள் பகைவர்கள் அல்லர், சொந்தக்காரர்கள். குருவின் அவைப் புலவர் சேனாபதி எழுதிய ‘குருசோபா’ அந்தக் காலத்து நூல். பெற்றவர் இறந்தால் மகன் மொட்டை போடும் சடங்கை கல்சா என்னும் இந்தப் புதிய அணியில் சேர்ந்த டெல்லிச் சீக்கியர்கள் விட்டுவிட்டதையும், சாதிப் பஞ்சாயத்து கொதித்ததையும், கடைகளை அடைக்கும் அளவுக்குச் சண்டை முற்றியதையும் அதில் படிக்கலாம். பிள்ளை பிறந்தால் மொட்டை, அப்பன் செத்தால் மொட்டை என்று நாவிதர் கத்தியோடு பின்னிக் கிடந்த சமூகத்தில், முடியை விடுவது சாதிக்கட்டை விடுவதாகவே பட்டது.

துறவுக்கும் இதில் இடமில்லை. மொட்டை போட்டவர் ஒருவகைத் துறவி, சடை வளர்த்தவர் இன்னொரு வகை. சீக்கியருக்கோ கேசத்தோடு கங்கா என்னும் மரச்சீப்பும் கட்டாயம். காலையும் மாலையும் வாரி, உச்சியில் கொண்டை போட்டு, சீப்பை அதிலேயே செருகி, மேலே தலைப்பாகை கட்ட வேண்டும். முடி வளரட்டும், சிக்கு விழக்கூடாது; ஆள் குடும்பத்தில் இருந்து உழைக்கட்டும். சமூகவியலாளர் ஜே. பி. எஸ். உபராய் இதைத் துறவையே துறந்த கோலமாக விளக்கினார்.

சோதனைகள் பிறகும் நிற்கவில்லை. 1745-இல் லாகூரில் முடி தர மறுத்த தாரு சிங்கின் தலைத்தோலையே செதுக்கி எடுத்தார்கள் என்கிறது மரபு. 1984-இல் டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிரான வன்முறையின்போது உயிர் பிழைக்க முடியை வெட்டிக்கொண்டவர்கள் பலர். 2009-இல் சிக்கல் புருவம் வரை வந்தது. புருவ முடியைப் பிடுங்கியதற்காகச் சீக்கிய மருத்துவக் கல்லூரி இடம் மறுத்த மாணவியின் வழக்கில், வெட்டாத முடி சமயத்தின் அடிப்படைக் கூறு என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது கதை தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜீவன் சிங் தலைமையிலான பகுஜன் திராவிடக் கட்சி, 2024 மக்களவைத் தேர்தலில் ஏழு தமிழ்ச் சீக்கியர்களைத் தலைப்பாகையோடு நிறுத்தியது. சாதி இழிவிலிருந்து வெளியேறும் வழியாகவே அவர்கள் இந்த மார்க்கத்தைப் பார்க்கிறார்கள். தேர்தலில் வைப்புத்தொகை போனால் போகட்டும், அடுத்த தேர்தல் வரும். வீட்டில் ஒரு சாவு விழுந்து, கருமாதி அன்று பங்காளிகள் சுற்றி நின்று “தலைப்பிள்ளை எங்கே, மொட்டை போட வேண்டாமா?” என்று கேட்கும்போதுதான் டெல்லிக் கடைவீதியின் பழைய வழக்கு தமிழில் விசாரணைக்கு வரும்.