கூட்டுப் பொருட்களின் சுங்கவரி வகைப்பாடு

கூட்டுப் பொருட்களின் சுங்கவரி வகைப்பாடு என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட மூலப்பொருட்களாலோ உறுப்புகளாலோ ஆன ஓர் இறக்குமதிப் பண்டம் சுங்கத் தீர்வை அட்டவணையின் எத்தலைப்பின் கீழ் வரும் என்பதை முடிவு செய்யும் முறையாகும். தலைப்புக்குத் தலைப்பு வரி வீதம் மாறுபடக்கூடும் என்பதால், இம்முடிவு இறக்குமதியாளர் செலுத்த வேண்டிய தொகையை நேரடியாகப் பாதிக்கிறது. இறக்குமதி உரிமம், பொருள்குவிப்புத் தடுப்பு வரி போன்றவையும் பெரும்பாலும் இதே குறியீட்டைச் சார்ந்தே அமைகின்றன.

பின்னணி

உலகின் பெரும்பாலான நாடுகள் ஒத்திசைக்கப்பட்ட முறைமை எனப்படும் பண்டக் குறியீட்டு முறையைப் பின்பற்றுகின்றன. பிரசெல்சு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பு இதனைப் பேணி வருகிறது. இதற்கான உடன்படிக்கை 1983 இல் உருவாகி, 1988 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இம்முறைமையில் 21 பிரிவுகளும் 97 அத்தியாயங்களும் உள்ளன. இவற்றுள் 77 ஆம் அத்தியாயம் எதிர்காலப் பயன்பாட்டுக்காக வெறுமையாக விடப்பட்டுள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அதற்கு மேற்பட்ட இலக்கங்களை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா எட்டு இலக்கக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது.

வகைப்பாட்டுக்கென ஆறு பொது விளக்க விதிகள் உள்ளன. இந்தியாவில் இவை 1975 ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. விதிகளை வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும். கூட்டுப் பொருள் என்றதும் மூன்றாம் விதிக்குத் தாவுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும். முதல் விதியின்படி, தலைப்பின் சொற்களும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும் விடை தந்துவிட்டால் அடுத்த விதிகளுக்குச் செல்லத் தேவையில்லை.

மூன்றாம் விதி

ஒரு பண்டம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தலைப்புகளுக்குப் பொருந்துவதாகத் தோன்றும்போது மூன்றாம் விதி பயன்படுகிறது. இதன் (அ) பகுதி, பொதுவான விவரணத்தை விடக் குறிப்பான விவரணத்துக்கு முதலிடம் தருகிறது. மகிழுந்துக்கென வெட்டித் தைக்கப்பட்ட கம்பளம், வாகன உதிரிப்பாகமாக அன்றிக் கம்பளமாகவே வகைப்படுவது இதனாலாகும். ஆனால் ஒவ்வொரு தலைப்பும் பண்டத்தின் ஒரு பகுதியை மட்டுமே குறிக்குமானால், அவை அனைத்தும் சம அளவில் குறிப்பானவையாகவே கருதப்படும்.

அப்போது (ஆ) பகுதி பயன்படும். கலவைகள், கூட்டுப் பொருட்கள், சில்லறை விற்பனைக்கென ஒன்றுசேர்த்த தொகுப்புகள் ஆகியவை, அவற்றுக்கு அடிப்படைத் தன்மையை அளிக்கும் மூலப்பொருள் அல்லது உறுப்பைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. அடிப்படைத் தன்மை எது என்பதை விதி வரையறுக்கவில்லை. உறுப்பின் இயல்பு, பருமன், அளவு, எடை, மதிப்பு, பண்டத்தின் பயன்பாட்டில் அதற்குள்ள பங்கு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளலாம் என விளக்கக் குறிப்புகள் கூறுகின்றன. இவற்றுள் எதற்கு முதன்மை தருவது என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் எழுகின்றன.

தொகுப்பாகக் கருதப்படுவதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன: வெவ்வேறு தலைப்புகளுக்குரிய இரு பொருட்களேனும் இருக்க வேண்டும், அவை ஒரே தேவைக்காகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், மறுபொதியின்றிப் பயனருக்கு விற்கத்தக்கதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சமைக்காத ஸ்பகெட்டி, துருவிய பாலாடைக்கட்டி, தக்காளிக் குழம்பு ஆகியவை ஒரே பெட்டியில் வந்தால், அது ஓர் உணவு சமைப்பதற்கான தொகுப்பாகும், முழுவதும் 19.02 தலைப்பில் ஸ்பகெட்டியாகவே வகைப்படும். ஒரு புட்டி மதுசாரமும் ஒரு புட்டி திராட்சை மதுவும் ஒரே பெட்டியில் வந்தால் அது தொகுப்பு ஆகாது; இரண்டும் தனித்தனியே வகைப்படும்.

அடிப்படைத் தன்மையையும் தீர்மானிக்க இயலாவிட்டால், (இ) பகுதியின்படி, சமமாகப் பொருந்தும் தலைப்புகளுள் எண் வரிசையில் கடைசியாக வருவதே ஏற்கப்படும். ஒரு பக்கம் நெகிழியும் மறுபக்கம் வல்கனைசு செய்த இரப்பரும் கொண்ட கடத்துப்பட்டையில் இரண்டும் சம முக்கியத்துவம் உடையனவாயின், 39.26 ஐ விட்டு 40.10 ஐக் கொள்ள வேண்டும். இதில் தருக்கம் குறைவு எனினும், எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே விடை கிடைக்கும் என்பதே இதன் பயன்.

பல பணி இயந்திரங்கள்

84, 85 ஆம் அத்தியாயங்களின் இயந்திரங்களுக்குப் பதினாறாம் பிரிவின் மூன்றாம் குறிப்பு தனி வழி வகுத்துள்ளது. பல பணிகளைச் செய்யும் இயந்திரம், வேறு ஏற்பாடு கூறப்படாத வரையில், அதன் முதன்மைப் பணியைக் கொண்டு வகைப்படும். இது சட்டக் குறிப்பு ஆதலால் மூன்றாம் விதிக்கு முன்பே பயன்படுகிறது.

அச்சிடல், நகலெடுத்தல், வருடுதல் ஆகியவற்றை ஒன்றாகச் செய்யும் இயந்திரங்கள் குறித்து ஜெராக்ஸ் இந்தியா நிறுவனம் தொடர்ந்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. உறுப்புகளிலும் உற்பத்திச் செலவிலும் பெரும்பகுதி அச்சிடும் பணிக்குரியது என்பதைக் கருத்தில் கொண்டு, அவற்றைக் கணினியின் உள்ளீட்டு-வெளியீட்டுக் கருவிகளாக நீதிமன்றம் ஏற்றது. தீர்ப்பு பழைய அட்டவணையின் கீழ் நடந்த இறக்குமதி பற்றியது. அதற்கு முன்பே, 2007 திருத்தத்தில், இவ்வகை இயந்திரங்களுக்கு 8443.31 என்ற தனித் துணைத்தலைப்பு உருவாக்கப்பட்டிருந்தது.

பிரித்து இறக்குமதி செய்தல்

விதி 2(அ) இன்படி, முழுமையடையாத பண்டம் முழுமையான பண்டத்தின் அடிப்படைத் தன்மையைப் பெற்றிருந்தால், அது முழுப் பண்டமாகவே வகைப்படும். பொருத்தப்படாமலோ பிரிக்கப்பட்டோ வரும் பண்டத்துக்கும் இது பொருந்தும். முழுப் பண்டத்துக்கு வரி மிகுதியாகவும் உதிரிகளுக்குக் குறைவாகவும் உள்ள நாடுகளில் இவ்விதி பெரும் சர்ச்சைக்கு உள்ளாகிறது.

சோனி இந்தியா நிறுவனம் வண்ணத் தொலைக்காட்சி உறுப்புகளை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல சரக்குத் தவணைகளில் இறக்குமதி செய்தது. அவற்றை ஒன்றாகக் கூட்டி முழுத் தொலைக்காட்சிகளாகக் கருத வேண்டும் என்ற சுங்கத்துறையின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2008 இல் நிராகரித்தது. உறுப்புகள் ஒருசேரச் சுங்கத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது விதியின் சொற்களிலேயே அடங்கியுள்ளது.

சீனாவில் இதே சிக்கல் பன்னாட்டுப் பூசலாக மாறியது. அந்நாட்டில் முழு வாகனத்துக்கு 25 விழுக்காடும் உதிரிகளுக்குச் சராசரியாக 10 விழுக்காடும் வரி இருந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் வாகனத்தில் இறக்குமதி உதிரிகளின் பங்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அவ்வுதிரிகளுக்கும் 25 விழுக்காடு விதிக்கப்பட்டது. ஐரோப்பிய சமூகங்கள், ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகியவை 2006 இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. உதிரிகள் நாட்டுக்குள் வந்து வாகனமாகப் பொருத்தப்பட்ட பின்னரே இத்தொகைக்கான கடப்பாடு எழுவதால், இது எல்லையில் விதிக்கும் சுங்கவரி அன்று, உள்நாட்டு வரியே எனத் தீர்ப்பாயம் கூறியது. மேல்முறையீட்டு அமைப்பும் 2008 திசம்பரில் இதனை உறுதி செய்தது. சீனா 2009 இல் அவ்விதிமுறையைத் திரும்பப் பெற்றது.