பொஸ்ரன் பெருந்தீயும் அபாய மணியும்

நெருப்பினைக் கண்டவன் கூவியழைத்தலும், ஆலய மணியை அடித்து ஊரை எழுப்புதலும் பண்டு தொட்டு நகரங்கள் யாவற்றிலும் நிலவிய வழக்கங்களாகும். மணியோசை தீ உண்டு என்பதை அறிவித்ததேயன்றி, அஃது எத்திசையில் உண்டு என்பதை அறிவிக்கவில்லை. இக்குறையை முதன்முதல் நீக்கிய நகர் அமெரிக்காவின் பொஸ்ரன் ஆகும்.

வைத்தியராகிய வில்லியம் சானிங்கும் தந்தித் தொழிலில் வல்லவராகிய மோசஸ் பார்மரும் வகுத்த முறை 1852ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அந்நகரில் நடைமுறைக்கு வந்தது. வீதிகளில் இலக்கமிட்ட பெட்டிகள் நாட்டப்பட்டன. ஒரு பெட்டியின் கைபிடியைச் சுழற்றியதும் அதன் இலக்கம் தந்திக் கம்பி வழியே தலைமை நிலையத்தை அடையும். அங்கிருந்து நகரின் மணிகள் அவ்விலக்கத்தை ஒலிக்கும். முதலாம் அழைப்புக்குச் செல்லவேண்டிய குழுக்கள் இவை, தீ அடங்காவிடின் இரண்டாம், மூன்றாம் அழைப்புகளுக்குச் செல்லவேண்டியவை இவை என முன்னரே வகுத்துவைக்கும் ஒழுங்கும் இம்முறையைத் தழுவியே வளர்ந்தது. தீயின் அளவை அழைப்பின் எண்ணிக்கையாற் கூறும் வழக்கு அமெரிக்காவில் இவ்வாறே நிலைத்தது.

இத்தகைய சீரிய ஒழுங்கு படைத்த நகரே இருபது ஆண்டுகளின் பின் பெருந்தீக்கு இரையானது வியப்பன்றோ? அதற்கான காரணங்கள் ஆராயத்தக்கவை.

1871ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சிக்காகோ நகர் எரிந்தபின், பொஸ்ரன் தீயணைப்புப் படைத் தலைவர் ஜோன் டாம்ரெல் அங்கு சென்று அழிவை நேரிற் கண்டார். தம் நகரின் நிலையை அவர் நன்கறிந்தவர். முன்னர்க் குடிமனைகளாயிருந்த பகுதியில் உயர்ந்த வாணிபக் கட்டிடங்கள் எழுந்திருந்தன. நிலத்தடி நீர்க்குழாய்களோ பழைய குடிமனைகளுக்கென இடப்பட்ட சிறு குழாய்களாகவே இருந்தன. கருங்கற் சுவர்களின் மேல் மரத்தாலான கூரைகள் அமைந்திருந்தன. அவ்வுயரத்துக்கு ஏணியும் எட்டாது, நீரும் எட்டாது. பெரிய குழாய்கள் வேண்டும் என்று டாம்ரெல் பலமுறை கேட்டார். நகரசபையார் செலவை அஞ்சி இசைந்திலர்.

1872ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் குதிரைகளைப் பீடித்த கொள்ளைநோய் அந்நாட்டிற் பரவியது. நீராவி இயந்திரங்களை இழுக்கும் குதிரைகளும் வீழ்ந்தன. டாம்ரெல் மேலதிக ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, மனிதர் கைகளாலேயே இயந்திரங்களை இழுக்க ஏற்பாடு செய்தார்.

நவெம்பர் 9ஆந் திகதி சனிக்கிழமை மாலை, சமர் வீதியிலுள்ள பண்டசாலையொன்றின் நிலவறையிலே தீ தோன்றியது. பாரந்தூக்கி செல்லும் கூண்டு வழியே சுவாலை கூரையை அடைந்தது. பொய்யழைப்புகளைத் தடுக்கும் பொருட்டு அபாயப் பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தன. திறவுகோல் காவலர் முதலிய சிலரிடமே இருந்தது. 52ஆம் இலக்கப் பெட்டி ஒலித்தபோது நேரம் 7 மணி 24 நிமிடம். அதன்பின் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நகரின் படை முழுவதும் திரண்டது. ஆயினும் குழாய்களில் நீரின் வேகம் குன்றியது. பாய்ந்த நீர் கூரைகளை எட்டவில்லை. அயல் நகரங்களிலிருந்து உதவிக்கு வந்தோரிற் சிலரின் குழாய் இணைப்புகள் பொஸ்ரன் நீர்வாய்களுடன் பொருந்தவில்லை. வெடிமருந்தாற் கட்டிடங்களைத் தகர்க்குமாறு குடிமக்கள் சிலர் வற்புறுத்தினர். அதனாலும் பயன் விளையவில்லை என்று கண்ட டாம்ரெல் அதனை நிறுத்தினார்.

மறுநாள் தீ அடங்கியபோது ஏறத்தாழ 65 ஏக்கர் நிலம் சாம்பராயிருந்தது. 776 கட்டிடங்கள் அழிந்தன. இழப்பு 7 கோடி டொலருக்கு மேற்பட்டது. உயிரிழந்தோருள் தீயணைப்போரும் அடங்குவர். 1773ஆம் ஆண்டுத் தேயிலைக் கிளர்ச்சிக்கு முன் மக்கள் கூடிய பழைய தென் மன்றம் மட்டும் தப்பியது. நியூ ஹாம்ஷயரிலுள்ள போட்ஸ்மத் நகரிலிருந்து வந்த கியர்சாஜ் என்னும் இயந்திரமே அதனைக் காத்ததென்பர்.

பழி முழுவதையும் நோயுற்ற குதிரைகள்மேற் சுமத்துவோர் இன்றும் உளர். ஆனால், அக்காலத்து விசாரணைக் குழு, குதிரைகளின்மையால் நேர்ந்த தாமதம் சில நிமிடங்களே எனக் கண்டது. உண்மைக் காரணங்கள் ஓராண்டுக்கு முன்னரே எடுத்துரைக்கப்பட்டவை, கேட்கப்படாதவை.

டாம்ரெல் 1873ஆம் ஆண்டிற் போல்ரிமோரிற் கூடிய தீயணைப்புத் தலைவர் சங்கத்தின் முதல் தலைவரானார். பின்னர் 1877இல் நகரின் கட்டிடங்களை மேற்பார்வை செய்யும் பதவி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தீயை அணைக்க முயன்று தோற்றவர், தீப்பற்றா வண்ணம் கட்டிடம் எழச் செய்யும் பணியில் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

மணி எத்தனை முறை ஒலித்தாலும் அது படையை அழைக்குமேயன்றி நீரை அழையாது. நீர் முன்னரே நிலத்தினுள் இருத்தல் வேண்டும். வருமுன் காப்போன் சொல்லைச் செவிமடுக்கும் அவை இல்லாத நகரிற் கருவிகளின் சிறப்பாற் பயன் இல்லை என்பதே பொஸ்ரன் பெருந்தீ உணர்த்தும் பாடமாகும்.