நட்சத்திரம் கிடைக்காத விமானம்

பண்டாரவளையில் தென்மேற்குப் பருவத்தின்போது வீசும் வறண்ட காற்றைக் கச்சான் என்போம். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைதாண்டி ஊவாவுக்குள் இறங்கும் காற்று அது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் அதன் கொடையே. வெயிலில் காய்ந்த சரிவுகளின் மேலே சிறகசைக்காமல் வட்டமிடும் பருந்துகளைச் சிறுவயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

பருந்தின் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டதுதான் எஞ்சின் இல்லாத கிளைடர். ஆனால் பருந்தைப்போல் அதனால் தானாக எழ முடியாது. தரையிலிருந்து கம்பியால் இழுத்துவிட வேண்டும். அல்லது வேறொரு விமானம் அதனைக் கட்டி இழுக்க வேண்டும். இக்குறையைப் போக்க வந்ததே மோட்டார் கிளைடர். சிறிய எஞ்சினால் தானே எழும். உயரத்தை அடைந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு மிதக்கும். சொல்வது எளிது. எழுவதற்கு வலு வேண்டும். மிதப்பதற்கு இலேசாக இருக்க வேண்டும். எஞ்சினும் எரிபொருளும் பாரம். சுழலாது நிற்கும் விசிறியோ காற்றைத் தடுக்கும். இரண்டாவது ஆசனமும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஆயினும் ஆசிரியரின்றிப் பறக்கக் கற்பதெப்படி?

நமக்கு அருகே இம்முயற்சியில் இறங்கியது புதுடில்லியில் இருந்த இந்தியச் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம். அங்கே எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த அசுவினி கிளைடர் 1958இல் பறந்தது. 1961இல் வந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரலாம். அது நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டது. பரணி, கார்த்திக், மிருகசீரிடம் என்று வளர்ந்த வரிசை, ஆறாம் நட்சத்திரமான திருவாதிரையின் வடமொழிப் பெயர் தாங்கிய ஆர்த்ராவோடு 1979இல் நின்றது. எஞ்சின் பூட்டி 1967இல் பறந்த இலகு விமானத்துக்குக் கடைசி நட்சத்திரமான ரேவதியின் பெயர்.

அம்மையத்தின் இரு ஆசன மோட்டார் கிளைடர் 1983இல் வானேறியது. அதன் பெயர் எம்.ஜி.-1. வெறும் எழுத்தும் எண்ணும்! அது ரோகிணியைப்போலப் பெருகவுமில்லை. கிளைடர்களுக்கு முதல் ஆறு நட்சத்திரங்கள், எஞ்சின் விமானத்துக்குக் கடைசி நட்சத்திரம். இரண்டுமாகிய ஒன்றுக்கு இடையில் ஓரிடமும் இல்லை.

விமான வரலாற்றை எழுதுவோர் போர்விமானங்களையும் பயணிகள் விமானங்களையும் பற்றியே பெரிதும் எழுதுகிறார்கள். குறைந்த செலவில் சாதாரண மனிதருக்கும் வானத்தைத் திறந்துவிட எண்ணிய இச்சிறு முயற்சிக்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. ஏழாவதாகிய புனர்பூசம் இன்னும் காலியாகவே இருக்கிறது, நண்பர்களே. அப்பெயரை எம்.ஜி.-1க்கு நான் மனத்தளவில் சூட்டிவிட்டேன்.