நெடுங்கால யூதத் தொண்டுத் திட்டங்கள்

கல்லூரிப் படிப்பை முடித்த யூத இளைஞர்கள் பத்து மாதம் முதல் ஓராண்டு வரை, சில திட்டங்களில் அதற்கும் மேலாக, ஏழைகள், அகதிகள், முதியோர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரிடையே முழுநேரமாக உழைப்பதற்கும், அந்த உழைப்போடு யூத சமய நூல்களைக் கற்பதற்கும், பல இடங்களில் சக தொண்டர்களுடன் ஒரே வீட்டில் வாழ்வதற்கும் வகை செய்யும் அமைப்புகள் நெடுங்கால யூதத் தொண்டுத் திட்டங்கள் எனப்படுகின்றன. ஒரு நாள் உணவு வழங்குவது, விடுமுறையில் ஒரு வாரம் வீடு கட்டித் தருவது போன்ற குறுகிய பணிகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவது காலத்தின் நீளமாகும். பயிற்சி பெறவும், பிறர் நம்பிக்கையைப் பெறவும், பொறுப்பேற்ற வேலையை ஒரு கட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கவும் சில மாதங்களாவது வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படைக் கொள்கை.

இத்திட்டங்கள் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டும் கருத்துகள் மிகப் பழமையானவை. பொருளுதவியை யூத மரபு ‘செதாக்கா’ என்று அழைத்து, நீதியின் பாற்பட்ட கடமையாக வைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் மைமோனிடிஸ் அதை எட்டுப் படிகளாக வகுத்து, பிறர் கையை எதிர்பாராமல் ஒருவர் தாமே வாழ வழி செய்து கொடுப்பதை உச்சப் படியாக நிறுத்தினார். உடலாலும் செய்யும் உதவி ‘கெமிலுத் ஹசாதிம்’ எனப்படும். பணத்தாலும் உடலாலும், ஏழைக்கும் செல்வருக்கும், இருப்போருக்கும் இறந்தோருக்கும் செய்யத்தக்கது என்பதால் அதைச் செதாக்காவினும் பெரிதாக யூத சட்ட விளக்க நூலான தல்மூது மதிக்கிறது. இன்று அதிகம் பேசப்படும் ‘திக்குன் ஓலாம்’, அதாவது உலகைச் சீர்செய்தல் என்ற தொடர், மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பில் பொது ஒழுங்கைக் காக்கும் விதிகளுக்குக் காரணமாக வருகிறது: பிணைக் கைதிகளை அவர்தம் மதிப்புக்கு மீறிய தொகை கொடுத்து மீட்கலாகாது என்ற விதி அவற்றுள் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் சஃபேத் நகரத்தில் வாழ்ந்த ஐசக் லூரியாவின் மறைஞானத்தில் அக்கருத்து அண்டம் தழுவிய பொருள் பெற்றது. சமூக நீதியைக் குறிக்கும் இன்றைய பொருள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க யூதர்கள் தந்ததாகும். ஆயினும், இளைஞர் ஒருவர் தம் வாழ்வில் ஓராண்டை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இந்த நூல்கள் எதிலும் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வடிவம் பிற ஊற்றுகளிலிருந்து வந்தது.

அவற்றுள் முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய குடியமர்வு இல்ல இயக்கம். படித்தவர்கள் ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியேறி அண்டை வீட்டாராக உதவ வேண்டும் என்பது அதன் நெறி. ஜெர்மானிய யூதக் குடும்பத்தில் 1867-இல் பிறந்த செவிலியர் லில்லியன் வால்ட், 1893-இல் தம் தோழி மேரி புரூஸ்டருடன் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் குடியேறியபோது அவருக்கு வயது இருபத்தாறு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் குடியிருப்புகளில் மாடிமாடியாக ஏறி நோயாளிகளைக் கவனித்த அப்பணி, வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப்பின் பொருளுதவியால் ஹென்றி ஸ்ட்ரீட் இல்லமாக வளர்ந்தது. அவ்வில்லம் எந்தச் சமயத்தின் பெயரையும் தாங்கவில்லை. அதை நடத்தியவரும் ஆதரித்தவரும் அக்கால நோயாளிகளில் மிகப் பலரும் யூதர்களாயிருந்தும், அது எல்லோருக்குமான இல்லமாகவே இயங்கியது.

இரண்டாவது ஊற்று இஸ்ரேலை நோக்கிய உழைப்பு. 1960களில் ‘ஷெருத் லஆம்’ என்ற திட்டம் அமெரிக்க இளைஞர்களை ஓராண்டுப் பணிக்காக அந்நாட்டின் சிற்றூர்களுக்கு அனுப்பியது. அண்டை அரபு நாடுகளுடன் நடந்த 1967 போருக்குப் பின் கிப்புத்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைகளுக்கு யூதரும் யூதரல்லாதாருமாக ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சென்றனர். 1986-இல் தொடங்கிய ‘ஓத்ஸ்மா’ பத்து மாதத் திட்டமாக அமைந்தது. 2004-இல் இஸ்ரேல் அரசும், உலக யூதரை இஸ்ரேலுடன் இணைக்கும் யூத முகமையும் இணைந்து ‘மாசா’ என்ற பொதுக் குடையை உருவாக்கிய பின், அரசுப் பள்ளிகளில் பத்து மாதம் ஆங்கிலம் கற்பிக்கும் பணி உள்ளிட்ட பல திட்டங்கள் அதன்கீழ் வந்தன. இஸ்ரேலிலேயே, இராணுவத்தில் சேராத சமயப்பற்றுள்ள பெண்களுக்காக 1970களின் தொடக்கத்தில் உருவான ‘ஷெருத் லெயுமி’ என்னும் தேசியத் தொண்டு வேறு வகையைச் சேர்ந்தது. அது இராணுவப் பணிக்கு மாற்றாக அமைந்ததேயன்றி இளைஞர் பல வழிகளுள் ஒன்றாகத் தேர்வது அன்று.

மூன்றாவது ஊற்று அமெரிக்க அரசும் குடிசார் உரிமை இயக்கமும் திறந்த வழி. 1961-இல் வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் பீஸ் கோர் தோன்றியது. 1964-இல் உள்நாட்டு வறுமை ஒழிப்புக்கான விஸ்டா என்ற தொண்டுத் திட்டம் சட்டமாயிற்று. அதே 1964 கோடையில், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்ய மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்ற வெள்ளையின இளைஞர்களுள் யூதர்கள் அவர்தம் மக்கள்தொகைக்கு மிக மேலான விகிதத்தில் இருந்தனர். ஜூன் 21 அன்று வெள்ளை இனவெறியரால் கொல்லப்பட்ட மூவருள் ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய இருவர் யூதர்கள். மூன்றாமவர் ஜேம்ஸ் சேனி அம்மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். குட்மேனுக்கு இருபது வயது, ஷ்வெர்னருக்கு இருபத்து நான்கு. யூதச் சமூகம் அவர்களைப் பெருமையுடன் நினைவுகூர்கிறது. ஆனால் அவர்களை அங்கே அழைத்துச் சென்றது எந்த யூத நிறுவனமும் அன்று என்ற உண்மையே பின்வந்த தலைமுறையை உறுத்திய கேள்வியாயிற்று: நீதிக்காகப் புறப்படும் இளைஞர் தம் சமயத்தை வீட்டில் விட்டுவிட்டா செல்ல வேண்டும்?

அக்கேள்விக்கு விடை தரும் முயற்சிகள் 1980களில் தொடங்கின. 1985-இல் பாஸ்டனில் நிறுவப்பட்ட அமெரிக்க யூத உலகச் சேவை, வளரும் நாடுகளில் யூதரல்லாத மக்களுக்கு யூதர்கள் துணை நிற்கும் வழியாக உருவெடுத்தது. பிற்காலத்தில் அது இளைஞர்களை இந்தியா உள்ளிட்ட நாடுகளின் உள்ளூர் அமைப்புகளில் பல மாதங்கள் பணியாற்ற அனுப்பியது. இதற்கு எதிர்த்திசையில், 1914-இல் பிறந்து ‘ஜாயின்ட்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் துயர்நீக்க நிறுவனம், தொலைநாடுகளில் சிறுத்து நலிந்த யூதச் சமூகங்களுக்கே தன் தொண்டர்களை அனுப்பியது. மும்பையின் பெனே இஸ்ரவேலர் சமூகமும் அவற்றுள் ஒன்று.

இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியது 1998-இல் ரபி, அதாவது யூத சமய ஆசிரியர், டேவிட் ரோசன் நியூயார்க்கில் தொடங்கிய ‘அவோதா’ ஆகும். இயேசு சபையினரும் லூத்தரன் திருச்சபையினரும் பல்லாண்டுகளாக நடத்திவந்த தொண்டர் படைகளில், இளைஞர்கள் எளிய வாழ்வை ஏற்று ஒரே வீட்டில் தங்கி, பகலில் வறியோரிடையே உழைத்து, இரவில் தம் சமயத்தின் வெளிச்சத்தில் அதைச் சிந்தித்தனர். யூதருக்கு அத்தகைய இல்லம் ஒன்றும் இருக்கவில்லை. கிறித்தவரிடமிருந்து அந்த அமைப்பைத் தயக்கமின்றி ஏற்று, அதற்குள் யூதக் கல்வியையும் வாழ்வையும் நிறைத்தது அவோதாவின் தனிச் சிறப்பு. தொண்டர்கள் குடியிருப்போர் உரிமைக்கான சட்ட உதவி அலுவலகங்கள், பசி போக்கும் அமைப்புகள், குடியேறிகளுக்கான மையங்கள் முதலியவற்றில் ஓராண்டு பணியமர்த்தப்படுகின்றனர். ஏற்கும் அமைப்பு செலவில் ஒரு பங்கைச் செலுத்த, தொண்டருக்குச் சிறு உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கின்றன. வாஷிங்டன், சிகாகோ நகரங்களுக்கும் இத்திட்டம் பின்னர் பரவியது. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை அழித்தபோது ஒருவார உதவிக்கு வந்து போனவர்கள் பலர். அங்கே ஓராண்டு தங்கும் இல்லத்தை அவோதா 2008-இல் திறந்தது.

இத்தகைய இல்லங்களின் உண்மையான பள்ளி அவற்றின் சமையலறை என்றால் மிகையாகாது. ‘கோஷர்’ எனப்படும் உணவு விதிகளை முழுமையாகக் காப்பவரும், பாதி காப்பவரும், அறவே கைவிட்டவரும் ஒரே அடுப்பைப் பகிர வேண்டியிருக்கிறது. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும் என்று ஒருவர் கோர, அதற்கான செலவும் கவனமும் தம்மேல் சுமத்தப்படுவதாக இன்னொருவர் எண்ணக்கூடும். முற்றிலும் சைவச் சமையலாக வைத்துக்கொண்டால் இறைச்சி-பால் சிக்கலே எழுவதில்லை என்பதால், பலவகைப்பட்ட யூதர் கூடி வாழும் இடங்களில் அது பெரிதும் நாடப்படும் தீர்வாக உள்ளது. வெள்ளி மாலைச் சூரியன் மறைவது முதல் சனி இரவு வரை நீளும் ஓய்வுநாளான சபாத்தும் இவ்வாறே பேசித் தீர்க்கப்படுகிறது: பொதுக் கூடத்தின் விளக்கை அணைக்கலாமா, உணவு மேசையில் கைப்பேசியை எடுக்கலாமா என்பன அற்பக் கேள்விகளாகத் தோன்றினும், தம்மினும் வேறுபட்ட யூதரின் மனச்சான்றுக்காகத் தம் வசதியை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை இளைஞர்கள் அங்கேதான் முதன்முதலாகக் கற்கின்றனர். தொழுகைக் கூடங்கள் ஆர்த்தோடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் எனப் பிரிந்து கிடக்கும் அமெரிக்காவில் இந்த அனுபவம் வேறெங்கும் எளிதில் கிட்டுவதில்லை.

2000க்குப் பின் வகைகள் பெருகின. கனெக்டிகட் மாநிலத்தில் ‘அதாமா’ என்ற திட்டம் பண்ணை வேலையையும் சமயக் கல்வியையும் இணைத்தது. ரபி மிகா ஓடன்ஹைமர் 2007-இல் தொடங்கிய ‘தேவெல் பெத்செதெக்’, இராணுவப் பணி முடிந்து ஆசியாவில் சுற்றித் திரியும் இஸ்ரேலிய இளைஞர்களை நேபாளத்தின் சேரிகளிலும் சிற்றூர்களிலும் தொண்டில் ஈடுபடுத்தியது. யூதப் படுகொலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இஸ்ரேலில் 1953-இல் எழுந்த யெமின் ஓர்தே இளைஞர் கிராமத்தை முன்மாதிரியாக்கி, ஆன் ஹேமன் 2008-இல் ருவாண்டாவில் திறந்த அகஹோசோ-ஷாலோம் கிராமம், இனப்படுகொலைக்குப் பின் ஆதரவிழந்த பிள்ளைகளிடையே ஓராண்டு வாழும் தொண்டர்களை ஏற்றது. ஓர் அழிவிலிருந்து கற்றதை இன்னோர் அழிவில் தவித்தவர்களுக்குக் கொண்டு சேர்த்த அம்முயற்சி, இவ்வரலாற்றில் தனி மதிப்புக்குரியது. 2009-இல் உருவான ‘ரிப்பேர் தி வேர்ல்டு’ முதலில் பிற திட்டங்களை ஊக்குவித்து, 2013 முதல் டெட்ராய்ட், பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களில் தானே தொண்டர்களைக் குடியமர்த்தியது.

இத்திட்டங்கள் மீதான விவாதங்கள் ஓய்ந்தபாடில்லை. யூதரின் பணமும் உழைப்பும் யூதருக்கே முதலில் செல்ல வேண்டும் என்போர் ஒருபுறம், வறுமைக்கு இனம் இல்லை என்போர் மறுபுறம் நிற்கின்றனர். சிறு உதவித்தொகையில் ஓராண்டு வாழ்வது கல்விக் கடனோ குடும்பப் பொறுப்போ உள்ளவர்க்கு எளிதன்று என்பதால், வசதி படைத்தோரே தொண்டர் ஆகின்றனர் என்ற குறையும் உண்டு. இவற்றினும் ஆழமானது, திட்டம் யாருக்காக என்ற கேள்வி: நிதி அளிக்கும் அறக்கட்டளைகள் பலவும் இளைஞரின் யூத அடையாளம் உறுதிப்படுவதைப் பயனாக எண்ண, பணியை ஏற்கும் அமைப்போ வேலை நடக்கிறதா என்று பார்க்கிறது. பின்னதே முதலிடம் பெற வேண்டும். பயிற்சியற்ற ஒருவரின் மன வளர்ச்சிக்காக ஏழை ஒருவரின் வழக்கோ வகுப்போ பாழாவதை செதாக்காவின் எந்தப் படியும் ஏற்காது. ஆகவே திட்டம் ஒன்றைத் தேர்பவர் நகரத்தையோ சக தொண்டர்களின் பட்டியலையோ பார்க்கும் முன், தாம் அமர்த்தப்படும் அலுவலகத்தில் மேற்பார்வை செய்பவர் யார், தமக்கு முன்னிருந்தவர் செய்த வேலை எது, தாம் சென்றபின் அதைத் தொடர்பவர் எவர் என்பவற்றைக் கேட்டறிவது தகும். சமயக் கடைப்பிடிப்பில் உறுதியுள்ளவர் சமையலறையின் விதி எப்படி முடிவாகிறது என்பதையும், கடன் உள்ளவர் உதவித்தொகையோடு கடனடைக்க உதவும் கல்விப் பரிசும் உண்டா என்பதையும் சேர்த்தே விசாரிப்பது நல்லது.